நாட்கூலி ஆட்டக்காரரும் நம் இலக்கிய மனசாட்சியும்

தமிழில் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இரண்டே இரண்டு மனிதர்களைத்தான் தெரியும். ஒருவர் வென்றவர். மற்றவர் வெல்ல முடியாமல் அழிந்துபோனவர். முதலாமவருக்கு மாலை, இரண்டாமவருக்குக் கண்ணீர். இவர்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவது மனிதர் ஒருவர் இருக்கிறார். பத்துப் பதினைந்து வருடங்கள் ஒரு விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு, இன்று ஓர் அணி நாளை ஓர் அணி என்று ஊர் மாறி, உடம்பு ஒத்துழைக்கும்வரை ஆடி, கிடைத்த ஊதியத்தில் குடும்பம் நடத்தி, யாரும் கவனிக்காத ஒரு மாலையில் காலணியைக் கழற்றிவைத்துவிட்டுப் போகிறவர் அவர். விளையாட்டைத் தொழிலாகச் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இவரைப் போன்றவர்களே. நம் செய்தித்தாள்கள் இவரைக் கண்டுகொள்ளாததில் எனக்கு வியப்பில்லை. நவீனத் தமிழ் இலக்கியமும் கண்டுகொள்ளவில்லை என்பதில்தான் வருத்தம், சொல்லப்போனால் கோபம்.

இக்கட்டுரை அந்தக் கோபத்திலிருந்து எழுதப்படுவது. கூடைப்பந்தை முன்வைத்துப் பேசுகிறேன். பொதுவாக ஓர் அணியில் பன்னிரண்டு பேர். களத்தில் ஐந்து பேர். மீதி ஏழு பேர் பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள். நான் பேச விரும்புவது அந்த ஏழு பேரைப் பற்றி.

ஆங்கிலத்தில் இவரை ‘ஜர்னிமேன்’ என்பார்கள். ஊர் ஊராகப் பயணம் போகிறவர் என்று அதற்குப் பொருள் கொண்டுவிடக் கூடாது. ‘நாள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கிளைத்த சொல் அது. நாள் கணக்கில் கூலி பெறுபவர் என்பதே நேர்ப்பொருள். ஐரோப்பாவின் பழைய கைவினைச் சங்கங்களில், தொழில் பழகும் சிறுவனுக்கும் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ஆசானுக்கும் இடைப்பட்ட படிநிலையில் நின்றவர் அவர். தொழில் முழுமையாகக் கைவந்தவர். ஆனால் சொந்தமாகப் பட்டறை இல்லாதவர். அங்கே அது ஒரு தகுதியைக் குறித்த சொல். நம் மொழியிலோ ‘நாட்கூலி’ என்பது கிட்டத்தட்ட வசை. கூலிக்கு ஆடுகிறவர் என்று ஒரு விளையாட்டு வீரரைச் சொல்லிப் பாருங்கள். அவரை அவமதித்துவிட்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். தலைக்கோளாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இத்தனைக்கும் அந்தப் படிநிலை என்னவென்று நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்தின் தெருக்களில் நடந்தால் காலை முதல் உளிச் சத்தம் கேட்கும். 1957-ல் தொடங்கப்பட்ட அரசு சிற்பக் கல்லூரியில் படித்தவர்களும், தகப்பனிடம் கற்றுக்கொண்டவர்களும் அந்தப் பட்டறைகளில் கூலிக்கு வேலை செய்கிறார்கள். ஒரு கோவில் திருப்பணி என்றால் அங்கே போகிறார்கள். முடிந்ததும் அடுத்த ஊர், சில வேளை அடுத்த நாடு. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது இப்படிப் பெயர் தெரியாத கைகளால் கிடைத்தது. அவர்களில் யாரையாவது பார்த்து, ‘நீ அர்ச்சுனன் தபசைச் செதுக்கவில்லையே, உன் வாழ்க்கை தோல்விதானே?’ என்று கேட்போமா? கேட்கமாட்டோம். சிற்பத்தை ஒரு தொழில் என்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். விளையாட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதை ஒரு லாட்டரிச் சீட்டாகவே வைத்திருக்கிறோம். விழுந்தால் மாலை, விழாவிட்டால் அனுதாபம்.

*

சத்னாம் சிங்கின் கதையை எடுத்துக்கொள்வோம். 1995-ல் பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஏழடி இரண்டங்குல உயரம். லூதியானா கூடைப்பந்து அகாதமியில் சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் வளர்ந்து, 2010-ல், பதினான்கு வயதில், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலுள்ள ஐ.எம்.ஜி. அகாதமிக்குப் போனார். 2015-ல் என்.பி.ஏ.வின் வருடாந்திரத் தேர்வில் 52-ஆவது ஆளாக டல்லஸ் மேவரிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல் முறை. மறு வருடம் அவரைப் பற்றி ‘ஒன் இன் எ பில்லியன்’ என்ற ஆவணப்படம் வந்தது. அதே வருடங்களில் அவர் டெக்ஸஸ் லெஜண்ட்ஸ் என்ற இரண்டாம் நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். என்.பி.ஏ.வின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. பிறகு 2018-19 பருவத்தில் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. 2019-ல் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினார். 2020-ல் இரண்டு வருடத் தடை அறிவிக்கப்பட்டது. 2021-ல் ஓர் அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனத்தில் ஒப்பந்தமாகி, 2022-ல் அதன் மேடையில் தோன்றினார்.

இந்த வரலாற்றை நம் ஊடகங்கள் எப்படிச் சொல்லின என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2015-ல் அவர் நூறு கோடியில் ஒருவர். ஐந்தே வருடங்களில் அவர் வீணாய்ப்போன வாய்ப்பு. இரண்டுமே பொய் என்கிறேன். தடைசெய்யப்பட்ட மருந்து பற்றிய விஷயத்தில் நான் அவருக்காக வாதாடப்போவதில்லை, விதி விதிதான். ஆனால் அதற்கு முந்தைய நான்கு வருடங்களைத் ‘தோல்வி’ என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

கணக்கைப் பார்ப்போம். அன்றைய என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்கு 15 நிரந்தர ஒப்பந்தங்கள் என்றால் 450 இடங்கள். உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே நிரம்பியவை. ஆண்டுதோறும் தேர்வில் 60 பெயர்கள் அழைக்கப்பட்டன. முதல் 30 பேருக்கு நிச்சயமான ஊதிய ஒப்பந்தம் உண்டு. இரண்டாம் சுற்றில் வருபவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆக, 52-ஆவது ஆளாக வந்த பத்தொன்பது வயது இளைஞர் இரண்டாம் நிலை லீக்கில் ஆடியது வீழ்ச்சி அல்ல. அந்த இடத்தில் தேர்வான பலருக்கும் நேர்வது. அந்த லீக்கில் 2015-16 பருவத்தில் ஒப்பந்த ஊதியத்தின் உச்சபட்சமே 25,000 டாலர். கடைசிப் படியில் இருப்பவருக்கு 13,000. அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானத்தில் அந்த உச்சபட்சம் பாதிகூடத் தேறாது. பேருந்திலும் மலிவான விமானத்திலும் ஊர் ஊராகப் போய், மேலே ஓர் இடம் காலியாகும் என்று காத்திருக்கும் நூற்றுக்கணக்கான தேர்ந்த ஆட்டக்காரர்களின் வாழ்க்கை அது. சத்னாம் அவர்களில் ஒருவராக இருந்தார். நாட்கூலி ஆட்டக்காரராக இருந்தார். அதைச் சொல்லும் நேர்மை நமக்கு இல்லை. அவரை நாம் தேவதூதனாக அனுப்பிவைத்தோம்; தொழிலாளியாகத் திரும்பி வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

இன்னொருவரைப் பாருங்கள். சிம் புல்லர், கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினர். 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காக மூன்றே மூன்று ஆட்டங்களில் களமிறங்கினார். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் அவர். அதோடு அங்கே அவருக்கு இடம் முடிந்தது. ஆனால் தொழில் முடியவில்லை. தைவானுக்குப் போனார், பல பருவங்கள் ஆடினார். அவருக்குப் பிழைப்பு கிடைத்ததற்குக் காரணம் தனிப்பட்ட மன உறுதி மட்டுமல்ல. தைவானில் ஒரு லீக் இருந்தது. பிலிப்பைன்ஸில் 1975 முதல் இருக்கிறது. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் அதுதான். அங்கெல்லாம் மேலேயிருந்து விழுகிறவருக்குக் கீழே ஒரு தளம் உண்டு. சத்னாம் திரும்பி வந்திருந்தால் கால் ஊன்ற இந்தியாவில் எந்தத் தளம் இருந்தது?

2010-ல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 30 வருட ஒப்பந்தம் போட்டது. தொழில்முறை லீக் வரும் என்று பேசப்பட்டது. பத்து வருடம் கழிந்தும் அந்த ஒப்பந்தத்தின் கீழ் லீக் வரவில்லை. 2015-ல் கூட்டமைப்புக்கு வெளியே யு.பி.ஏ. என்ற லீக் தொடங்கியது. சென்னை ஸ்லாம் உட்பட எட்டு அணிகள். 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. 2022-ல் கூட்டமைப்பின் ஆதரவோடு ஐ.என்.பி.எல். வந்தது, அதில் சென்னை ஹீட். தொடங்கியதை வரவேற்கிறேன். ஆனால் வருடத்தில் சில வாரங்கள் நடக்கும் போட்டி ஒரு தொழில் ஆகாது. அதில் வரும் பணத்தை நம்பி யாரும் வீட்டு வாடகைக்கு முன்பணம் கொடுக்க முடியாது.

2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி சீனாவை 65-58 என்று வென்றது. சீனாவை, அதன் மண்ணில்! அந்தத் தலைமுறையினர் பிறகு என்ன செய்தார்கள்? அம்ரித்பால் சிங் 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்குப் போனார். அம்ஜோத் சிங் அதே ஆண்டில் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ என்ற அமெரிக்க இரண்டாம் நிலை அணிக்குப் போனார். விசேஷ் பிருகுவன்ஷி அடிலெய்டு அணியில் பயிற்சி ஆட்டக்காரராக ஒப்பந்தம் பெற்றார். ஒவ்வொரு முறையும் ‘முதல் இந்தியர்’ என்று செய்தி வந்தது. இரண்டாவது பருவத்தைப் பற்றி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதா என்பதைப் பற்றி, முழங்கால் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. ‘முதல்’ என்ற சொல்லோடு நம் ஆர்வம் தீர்ந்துபோகிறது.

*

‘அதற்காகத்தான் வேலை தருகிறோமே’ என்று சொல்வார்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் கூடைப்பந்து இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தெற்கு ரயில்வேயும் ஐ.சி.எஃப்.பும் காவல்துறையும் காரணம். மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. அனிதா பால்துரை ஏறத்தாழ பதினெட்டு வருடங்கள் இந்திய அணிக்கு ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைத் தாங்கியது தெற்கு ரயில்வே வேலை. கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடிவிட்டு, 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகளின் தேர்வு முகாம்களுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்ததும் அதே ரயில்வேக்குத்தான். வேலையை இழிவுபடுத்துவது என் நோக்கமல்ல. மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியன் நான். அப்படிச் செய்தால் அது போலித்தனம்.

ஆனால் ஒன்றைக் கறாராகச் சொல்லவேண்டியிருக்கிறது. வேலை என்பது விளையாட்டுக்குக் கிடைக்கும் கூலி அல்ல. விளையாட்டுக்குப் பதிலாகக் கிடைப்பது. வங்கி வேலை கிடைத்த ஆட்டக்காரர் அந்த வங்கிக்கு மட்டுமே ஆடவேண்டும். வேறோர் அணி அவரை விரும்பினாலும் போக முடியாது; போனால் வேலை போகும். நாட்கூலி ஆட்டக்காரருக்கு இருக்கும் ஒரே உரிமை அணி மாறும் உரிமை. அதை வாங்கிக்கொண்டுதான் நாற்காலியைத் தருகிறோம். தவிர, எத்தனை பேருக்கு? ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர்தான். அவர்களும் ஒருமுறை சேர்ந்தால் பத்து வருடம் ஆடுவார்கள். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ இடம் காலியாகும். கல்லூரி அணிகளிலிருந்து வருடாவருடம் வெளியே வருகிறவர்கள் எத்தனை நூறு பேர்!

அந்த நூறு பேரை நான் தினமும் பார்க்கிறேன். செங்கல்பட்டு வட்டாரத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும் வரிசையாக நிற்கின்றன. கல்விக் கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு என்று கொடுத்து உயரமான பையன்களையும் பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இவற்றில் பலவற்றுக்கு உண்டு. கோப்பை வந்தால் விளம்பரப் பலகையில் படம் வரும். மூன்று வருடம் அல்லது நான்கு வருடம். அதன்பின் அந்தப் பிள்ளைகளுக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை. நான் பாடம் எடுத்த கல்லூரியொன்றில், மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் இளங்கலைத் தமிழ் படித்தான். ஆறடி மூன்றங்குலம். படிப்பு முடிந்தும் இரண்டு வருடம் அவன் வெளியூர் அணிகளுக்கு ஆடப் போய்வந்துகொண்டிருந்தான். பேருந்துக் கட்டணமும் சாப்பாடும், போட்டி முடிந்ததும் கையில் ஒரு சிறு தொகையும். ‘ஐயா, ஞாயிற்றுக்கிழமை கரூர்ல ஆட்டம்’ என்று சந்தோஷமாகச் சொல்வான். அவன் பெயர் எடுத்தாலே ஆசிரியர் அறையில் சிரிப்பு எழும். ‘இன்னும் பந்து தட்டிக்கொண்டிருக்கிறானா?’ கைக்குத் தெரிந்த தொழிலை ஒருவன் செய்துகொண்டிருந்தான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அங்கே நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. இங்கே மறுபடியும் கேட்கிறேன்.

*

இது மாற்ற முடியாத விதி என்று யாராவது சொன்னால் இதே கடற்கரைக்கு வரச் சொல்வேன்.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்குப் பழகினார்கள். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் முன்நின்று தொடங்கிய பள்ளி இன்று நாடறிந்தது. 2013 முதல் அங்கே அலைச்சறுக்குத் திருவிழாக்கள் நடந்தன. 2023-ல் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அதே மாமல்லபுரத்தில் நடந்தபோது ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அப்போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தனிநபர் பதக்கம் அது. செய்தியெல்லாம் பதக்கத்தைப் பற்றித்தான். ஆனால் அந்தக் கரையில் அந்த விளையாட்டு நிலைத்திருப்பது பதக்கத்தால் அல்ல. பதக்கம் வாங்காத பிள்ளைகள் காலை ஐந்தரை மணிக்குப் பலகையை எடுத்துக்கொண்டு, சென்னையிலிருந்து வரும் கணினி நிறுவன ஊழியர்களுக்கு அலை மேல் நிற்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பலகை வாடகைக்கு விடுகிறார்கள், பழுது பார்க்கிறார்கள். இருபதாவது இடத்தில் வந்தவருக்கும் அந்த விளையாட்டுக்குள்ளேயே ஒரு நாள் கூலி இருக்கிறது. அதனால் அவர் கடலைவிட்டுப் போகவேண்டியதில்லை.

கபடியைப் பாருங்கள். 2014-ல் புரோ கபடி வந்தது. 2017-ல் தமிழ் தலைவாஸ் சேர்ந்தது. கோடிகளில் ஏலம் போனவர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரு பருவம் ஓர் அணி, அடுத்த பருவம் இன்னோர் அணி என்று பலகையில் உட்கார்ந்தே நான்கைந்து வருடம் சம்பாதிக்கும் ஒரு வர்க்கம் கபடியில் உருவானது. ஊரில் அவர்களுக்கு மரியாதை இருக்கிறது. அவர்களைப் பார்த்துத்தான் கிராமத்துப் பையன்கள் மண்ணில் இறங்குகிறார்கள். நட்சத்திரத்தைப் பார்த்து மட்டுமல்ல. நட்சத்திரம் ஆவது யார் கையிலும் இல்லை. ஆனால் பன்னிரண்டாவது ஆளாக ஆவது உழைப்பால் எட்டக்கூடியது. பன்னிரண்டாவது ஆள் வாழ முடியாத விளையாட்டில் முதல் ஆள் தற்செயலாகத்தான் தோன்றுவார். தோன்றியதும் வெளிநாட்டுக்குப் போய்விடுவார்.

*

இனி நம் வீட்டுக்கு வருவோம். இலக்கியத்துக்கு.

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை. ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்து கூலி பெறும் கலைஞனை நடுவில் வைத்து, அவனுக்கென்றே ஓர் இலக்கிய வகையை உருவாக்கிய மொழி நம்முடையது. அதிலும் இரண்டு நூல்கள் இந்த வட்டாரத்துக்கே சொந்தம். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர்ப் பக்கம். பெரும்பாணாற்றுப்படை வருணிக்கும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரமே என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அந்த நூல்களை மன்னர் புகழ்ச்சி என்று மட்டும் வாசிப்பது நம் வகுப்பறைகளின் வழக்கம். மன்னனைச் சற்று மறந்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வழி இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்ற தகவல் இருக்கிறது: நெய்தலில் சுட்ட மீன், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும். உப்புக்கும் வழியில்லாமல் வேளைக்கீரையை வேகவைத்து, அயலார் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துக்கொண்டு உண்ட குடும்பம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசு பெற்ற ஒருவன் பெறாத ஒருவனுக்கு ‘இந்த வழியில் போ, அங்கே கிடைக்கும்’ என்று சொல்லும் தொழில் தோழமை இருக்கிறது. பாணன் தோற்றவன் என்று அந்த நூல்கள் எங்கும் சொல்லவில்லை. அவன் பசித்தவன், தொழில் தெரிந்தவன், அவ்வளவுதான்.

இந்த மரபின் வாரிசுகள் நாம். விளையாட்டை நாம் எப்படி எழுதினோம்? சி.சு.செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ பெரிய படைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு பழிதீர்ப்பின் கதை. ஒரே ஒரு மாலையின் கதை. திரைப்படத்தில் ‘வெண்ணிலா கபடிக்குழு’ நாயகனைக் கொன்றுதான் முடிந்தது. ‘சார்பட்டா பரம்பரை’ நாயகனை மீட்டு வெல்லவைத்து முடிந்தது. மாலை அல்லது கண்ணீர். 2024-ல் வந்த ‘லப்பர் பந்து’ ஒரு நல்ல விலக்கு. ஊர்க் கிரிக்கெட்டில் வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை அது மரியாதையோடு பார்த்தது. ஒரு வெகுஜனப் படம் செய்ததைத் தீவிர இலக்கியம் இன்னும் செய்யவில்லை என்பது நமக்குப் பெருமையா?

நம்மால் முடியாததும் அல்ல. அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்க’ளில் சினிமாவின் நட்சத்திரங்களை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தயாரிப்பு நிர்வாகியையும் உதவியாளர்களையும் எழுதினார். ‘புலிக்கலைஞன்’ கதையில் டகர் பாயிட் காதர், வேலை கேட்டு வந்த இடத்தில் ஒரு கணம் புலியாகவே மாறிக் காட்டிவிட்டு, பிறகு தேடினாலும் கிடைக்காமல் மறைந்துபோகிறான். அந்தக் கதையை எத்தனை கருத்தரங்குகளில் கொண்டாடியிருப்போம்! காதருக்காக உருகும் அதே பேராசிரியர்கள்தான் வகுப்புக்கு வராத கூடைப்பந்து மாணவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கலைஞன் என்று அச்சில் எழுதியிருந்தால்தான் நமக்குக் கலைஞன் தெரிகிறான். உடம்பால் செய்யும் தொழில் எதையும் அறிவுக்குக் கீழே வைக்கும் பழைய நோய் இது. ‘விளையாட்டு ஜனரஞ்சகம், அதை எதற்கு இலக்கியப் பத்திரிகையில் பேசவேண்டும்?’ என்று கேட்கும் நண்பர்களுக்கும் இதே பதில்தான். பாணனும் பொருநனும் அன்றைய ஜனரஞ்சகம்தான்.

எழுத வேண்டிய உலகம் தூரத்தில் இல்லை. கோடையில் பெரியகுளத்துக்குப் போங்கள். அரை நூற்றாண்டைக் கடந்து அங்கே அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடந்துவருகிறது. கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை. திறந்த வெளியில், விளக்கு வெளிச்சத்தில், உள்ளூர் ஜனங்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்க, வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் மின்வாரிய அணிகளும் ஆடும். முப்பத்தைந்து வயதில் முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டு, இருபது வயதுப் பையனை வேகத்தால் அல்லாமல் நின்ற இடத்தால் தடுக்கும் ஒருவரை அங்கே பார்க்கலாம். அந்த உடம்பில் பதினைந்து வருடத் தொழில் அறிவு இருக்கிறது. வெண்பா எழுதுபவருக்குத் தளை எங்கே தட்டும் என்று தெரிவதுபோல, பந்து எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவைப் பற்றித் தமிழில் ஒரு பக்கமாவது எழுதப்பட்டிருக்கிறதா? அவருடைய சம்பளம் என்ன, எந்த ஊரில் தங்கினார், யார் சாப்பாடு போட்டார்கள், எந்த அணி பணம் தராமல் ஏமாற்றியது, முழங்கால் எப்போது போனது, ஆட்டம் நின்ற மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார்? சிறுபாணாற்றுப்படை கேட்டதைவிட அதிகமாக நான் எதையும் கேட்டுவிடவில்லை.

எழுத்து வந்துவிட்டால் லீக் வந்துவிடுமா என்று கேட்கலாம். வராது. லீக்கை நடத்தவேண்டியது கூட்டமைப்பு. பணம் போடவேண்டியது நிறுவனங்கள். வருடத்தில் ஆறேழு மாதமாவது ஆட்டமும் எழுத்துபூர்வமான ஒப்பந்தமும் அடிபட்டால் சிகிச்சையும் வேண்டும் என்று அவர்களிடம் கேட்கவேண்டும். ஆனால் ஒரு சமூகம் ஒரு வாழ்க்கையை வாழ்க்கை என்றே கருதாதபோது, அதற்காக யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். லாட்டரியில் விழாத சீட்டுக்கு யார் நஷ்டஈடு கேட்பார்கள்? அந்த வாழ்க்கையைத் தொழிலாக, மரியாதைக்குரிய தொழிலாகக் காணவைக்கும் பொறுப்பு எழுதுகிறவர்களுடையது. அது நம் வேலை. கூட்டமைப்பின் வேலை அல்ல.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ‘முதல் இந்தியர்’, ‘முதல் தமிழர்’ என்று செய்தி படிக்கும்போது மகிழுங்கள், தவறில்லை. கூடவே அந்த அணியின் பன்னிரண்டாவது ஆள் யார், அவருக்கு என்ன ஊதியம், அடுத்த வருடம் எங்கே ஆடுவார் என்று தேடிப் பாருங்கள். தேடிக் கிடைக்கவில்லை என்றால், அதை எழுதுங்கள். பெரியகுளத்துக்கோ கோவைக்கோ போய் ஓர் ஆட்டக்காரரோடு அரை நாள் உட்கார்ந்து பேசி எழுதும் இளைய எழுத்தாளர் யாராவது இருந்தால், அவருடைய கட்டுரைக்காக நான் காத்திருக்கிறேன்.